பாயில் ஒரு முடிச்சு

கதவைச் சாத்தினேனா? சாத்தவில்லை. அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி வைத்தேன், அது நினைவிருக்கிறது. மூடினேனா என்பது நினைவில்லை. தெருவில் யாரோ "தோணி வருது, தோணி வருது" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், கைகூடக் கழுவாமல் ஓடி வந்துவிட்டேன், விரலெல்லாம் இன்னும் மஞ்சளும் மிளகாயும். கதவு விரியத் திறந்து கிடக்கும். சிசிலியின் கோழிகளுக்கு அது போதும், நேராக அடுப்படிக்குள் போய்விடும், அவளைப் போலவே அவள் கோழிகளுக்கும் அடுத்த வீட்டுப் பானைமேல்தான் கண். நேற்று அதைச் சொன்னதற்குத்தான் அந்தப் பேச்சுப் பேசினாள். நானும் விடவில்லை. கொழுந்தன் மனைவியாயிற்றே, நிறைமாதக்காரியாயிற்றே என்று பார்த்தால் வாயை அடக்க முடிகிறதா? இப்போது பத்தடி தள்ளி நிற்கிறாள், வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல். நானும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தோணியைப் பார்க்கிறோம். என் புருஷன் பெத்ருவும் அவள் புருஷன் கஸ்பாரும் அதில்தான் வருகிறார்கள், அண்ணனும் தம்பியும், அண்ணன் தண்டல், தோணி முழுக்க அவர் சொல் கேட்கும். தம்பி முன்னணியத்தில், தோணி முகப்பில், கயிறு பிடிக்கிறவர். முந்தாநாள் அடித்த காற்றில் கொழும்புப் பக்கம் ஒரு புகைக்கப்பல் தரைதட்டி உடைந்துவிட்டது என்று தந்தி ஆபீசில் செய்தி. நம் முயல் தீவுப் பாரில், கடலடிப் பாறையில்கூட ஒரு கப்பல் ஏறிச் சாய்ந்து கிடக்கிறது, ஊர் முழுக்கத் திருவிழாவுக்குப் போவதுபோல் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் போகவில்லை. உடைந்த கப்பலைப் பார்த்து எனக்கு என்ன ஆகவேண்டும்? இரும்புக் கப்பலுக்கே இந்தக் கதி என்றால் மரத் தோணிக்கு என்ன என்று அடுப்படியில் உட்கார்ந்தபடியே நினைத்து நினைத்துச் சோற்றைக் குழைய விட்டாயிற்று. ஆனால் தோணி வருகிறது. இதோ வருகிறது. "பெத்ரு தோணியேதான், பாயில நீல ஒட்டு தெரியுது பாரு" என்று மிக்கேல் மாமா சொன்னார். பழைய தண்டல் அவர், கண்ணில் புரை விழுந்தும் பாயைப் பார்த்தால் எந்தத் தோணி என்று சொல்லிவிடுவார். அந்த நீல ஒட்டு நான் தைத்தது. என் பாவாடைத் துணி. அதை வைத்து அவர் என்னைக் கேலி செய்தது இருக்கிறதே, கொழும்புத் துறைமுகம் பூராவும் உன் பாவாடையைப் பார்க்கப்போகிறது என்று. வந்துவிட்டார். மாதாவே, வந்துவிட்டார். இனிமேல் கோழி குழம்பைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

ஏன் மாமா பேசவில்லை? இவ்வளவு நேரம் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தவர். கையை நெற்றியில் வைத்தவர் வைத்தபடி நிற்கிறார். "கொடி ஏறலையே" என்கிறார், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. கொடி ஏறும். ஏன் ஏறாது? துறைக்குள் நுழைகிற தோணி மரத்தில் மாதா கொடியை ஏற்றாமல் எப்போதாவது வந்திருக்கிறதா? காற்றில் கிழிந்திருக்கும். அடித்த காற்றுக்குக் கொடி கிழிந்து போயிருக்கும், பாய் தப்பியதே பெரிது. கூட்டம் பேசுவதை நிறுத்துகிறது, முன்னால் நிற்கிறவர்கள் முதலில், பிறகு பின்னால். கைக்குழந்தை ஒன்றுதான் அழுகிறது. நான் பாயைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீரைப் பார்க்கிறேன், பஞ்சுப் பொதி ஏற்றிப் போகிற படகைப் பார்க்கிறேன், மணலில் யாரோ காயப்போட்ட வாளைக் கருவாட்டைப் பார்க்கிறேன். கருவாட்டை இந்நேரம் திருப்பிப் போட்டிருக்கவேண்டும், யாரோ சோம்பேறி. பார்த்துவிட்டேன். பாயின் கீழ்முனை சுருட்டிக் கட்டியிருக்கிறது. ஒரு முடிச்சு. எங்கள் துறையில் இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தரவேண்டாம். தோணியில் சாவு என்றால் கொடி ஏறாது, பாயின் முனையில் முடிச்சு விழும், ஒரு ஆளுக்கு ஒரு முடிச்சு. இன்னொன்று இருக்கிறதா என்று தேடுகிறேன். இல்லை. ஒன்றுதான். ஒன்றுதான் என்று மனசு கொஞ்சம் இறங்குகிறது, எவ்வளவு கேவலமான மனசு, ஒன்றுதான் என்றால் என்ன, அந்த ஒன்று யார்?

இனி யாரும் கேட்கக் கூடாது. அதுதான் வழக்கம். கடலில் செத்தவனின் பெயரைக் கரையிலிருந்து கூவிக் கேட்டால் கூப்பிட்ட வீட்டுக்கே சாவு வரும் என்று கேட்கமாட்டார்கள், கேட்டாலும் தோணியிலிருந்து யாரும் சொல்லமாட்டார்கள். படகு இறங்கும். செத்தவனுக்கு உறவில் கிட்டின ஆள் தலைத்துண்டு இல்லாமல் முதலில் கரையில் கால் வைப்பான். யாரிடமும் பேசாமல் கூட்டத்துக்குள் வந்து, எந்த வீட்டுச் சாவோ அந்த வீட்டுப் பெண் முன்னால் போய் நிற்பான். அவன் நின்ற பிறகுதான் அழுகை. அதுவரை கரை முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும். யார் இதை ஏற்படுத்தினார்களோ, அவன் கண்டிப்பாக ஆம்பிளை, அவன் ஒருநாளும் கரையில் நின்றிருக்கமாட்டான். ஆனால் அம்மாவுக்கு இதுகூடக் கிடைக்கவில்லை. அப்பா போன தோணியைக் கொழும்புக்கு வெளியே இருட்டில் ஒரு புகைக்கப்பல் ஏறி மிதித்துவிட்டுப் போய்விட்டது. மரத்துண்டுகள் ஒதுங்கின, மனிதர்கள் ஒதுங்கவில்லை. சாமியார் வெறும் பெட்டியை வைத்துப் பூசை செய்தார். அம்மா கோயிலுக்குள் வரவே இல்லை, "எவனாச்சும் வந்து எம்முன்னால நின்னானா? நிக்காம நான் எப்படித் தாலியக் கழத்துவேன்?" என்று கேட்டாள். கடைசிவரை கழற்றவில்லை, தாலியோடுதான் குழிக்குள் போனாள். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைப்பாள், காலையில் அதைத் தண்ணீர் ஊற்றி எனக்கும் தம்பிக்கும் கொடுப்பாள். அப்பாவின் சோற்றைத்தான் தின்று வளர்ந்தோம் நானும் தொம்மையும். அதனால்தான் தொம்மைக்குக் கடல் என்றாலே ஆகாது. பரவனாய்ப் பிறந்துவிட்டு முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கமாட்டான், ஊரே சிரிக்கும். போகட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று நான்தான் இவரைப் பிடித்து, அவனைக் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டேன். தரையில் நின்று துணி அளக்கிற வேலை. ஒருத்தனாவது தரையில் இருக்கிறான். இந்த நேரத்திலும் அதை நினைத்தால் ஒரு மூச்சு ஒழுங்காக வருகிறது. சேர்த்துவிட்ட கொஞ்ச நாளிலேயே அங்கே சோறு பிடிக்கவில்லை, அக்கா குழம்பு வேண்டும் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற பயல்தான். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு, பாதி உயிராக. நல்ல பேச்சாகக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். இந்தத் தடவையும் இவர் கிளம்பும்போது சொல்லி அனுப்பினேன், கிறிஸ்து பிறப்புத் திருநாள் வருகிறது என்று அவன் பாட்டுக்குக் கிளம்பி வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன், தெருவில்தான் படுக்கவேண்டும் என்று அவனிடம் சொல்லுங்கள், சிரிக்காமல் சொல்லுங்கள் என்று.

படகை இறக்குகிறார்கள். தோணிக்கு அந்தப் பக்கம் இறக்குகிறார்கள், தெரியவில்லை. ஏன் அந்தப் பக்கம்? இந்தப் பக்கம் இறக்கினால் என்ன? சாவை மறைக்கிறார்கள். தண்டல் என்றால் இந்நேரம் பின்னணியத்தில் நிற்கவேண்டும், சுக்கான் பக்கத்தில். சுக்கான் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான். குட்டை. அவர் குட்டை இல்லை. அப்படியென்றால் சுக்கானை வேறு ஆள் பிடித்திருக்கிறான். எப்போது தண்டல் சுக்கானை இன்னொருத்தன் கையில் கொடுப்பார்? தூங்கும்போது கொடுப்பார். சாப்பிடும்போது கொடுப்பார். கரை பிடிக்கும்போது கொடுக்கமாட்டார். கொடுக்கவேமாட்டார், எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், கடலில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், கரை பிடிக்கிறவன்தான் தண்டல் என்று. மாதாவே. பனிமய மாதாவே. என் கழுத்தைப் பார். இந்த மஞ்சள் கயிறு போன மாதம்தான் மாற்றினது. தோணியில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வயதான ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளை குட்டி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தினமும் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிற அந்தச் சமையல்காரன் இருக்கிறான், அவன் போனால் அவளும் நிம்மதியாக இருப்பாள், கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன். யாராக இருந்தாலும் சரி. யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவரை விட்டுவிடு. திரும்பத் திரும்ப அதையே சொல்கிறேன், அருள் நிறைந்த மரியே என்று வாய் ஆரம்பிக்கிறது, உள்ளே யாரை வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் என்றே ஓடுகிறது. பக்கத்தில் பார்க்கிறேன். எல்லாப் பெண்களின் உதடும் அசைகிறது. சமையல்காரன் பெண்டாட்டியும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். எல்லாரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஒருத்தி வீட்டை இன்னொருத்தி காட்டிக்கொடுத்துக்கொண்டு. மாதா யார் பேச்சைக் கேட்பாள்?

ஏதோ என் கையைத் தொடுகிறது. சிசிலி. எப்போது நகர்ந்து வந்தாள்? கை ஐஸ் மாதிரி இருக்கிறது. "அக்கா" என்கிறாள், அவ்வளவுதான். நேற்று என்னை வாய்க்கு வந்தபடி பேசின வாய். "பயப்படாத, பேசாம நில்லு, வயித்துப் பிள்ளக்காரி" என்கிறேன். அவள் விரல் என் விரலுக்குள் நுழைந்துகொள்கிறது, மஞ்சளும் மிளகாயும் அவளுக்கும் ஒட்டட்டும். படகு தோணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. துடுப்பு போடுகிறவர்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லா முதுகும் ஒரே முதுகுதான், வெயிலில் கருத்தது. நடுவில் ஏதோ பாய்த்துணி போட்டு மூடியிருக்கிறது. நீளமாக. உடம்பு இருக்கிறது. உடம்பாவது இருக்கிறது, அம்மா. படகு முனையில் ஒரு ஆள் நிற்கிறான். தலையில் துண்டு இல்லை. நெட்டை. தோள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மூச்சு நின்றுபோகிறது, எனக்கா அவளுக்கா தெரியவில்லை. இந்தத் துறையில் அப்படிச் சாய்ந்து நிற்கிற நெட்டை ஆள் இரண்டு பேர்தான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். தூரத்தில் பார்த்தால் பெற்ற தாய்க்கே குழம்பும், கல்யாணமான புதிதில் நானே ஒருதடவை கஸ்பாரின் முதுகைப் பார்த்து "சாப்பிட வாருங்க" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், சிசிலி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள் மூச்சு விடுவது கேட்கிறது. ஒவ்வொருத்தியாக மூச்சு விடுகிறாள், அவரவர் வீடு தப்பியது என்று. எங்கள் இரண்டு பேரையும் சுற்றி இடம் விடுகிறார்கள். அண்ணன் தலைத்துண்டில்லாமல் வந்தால் செத்தது தம்பி. தம்பி வந்தால் செத்தது அண்ணன். இவ்வளவு லேசான கணக்கு. படகு முனையில் நிற்கிறது அவரா, கஸ்பாரா?

சிசிலியின் நகம் என் உள்ளங்கையில் இறங்குகிறது. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தாலியை ஒருத்தி அறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். கையை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. அவள் வயிற்றில் இருப்பது அப்பா முகம் பார்க்கவேண்டாமா? வேண்டும். பார்க்கட்டும். ஆனால் இவரைக் கொடுத்துவிட்டு இல்லை. என்னால் அவ்வளவு நல்லவளாக இருக்க முடியாது, எனக்கு வராது, என்னை மன்னித்துக்கொள், யாரை வேண்டுமானாலும். கஸ்பாருக்குக் காதில் கடுக்கன் உண்டு. இவருக்கு இல்லை. கடுக்கன் மின்னுகிறதா? தண்ணீர்தான் மின்னுகிறது, எல்லா இடத்திலும் மின்னுகிறது, கண் கூசுகிறது. கஸ்பாருக்குத் தாடி இல்லை, இவருக்கும் இல்லை. கடலில் எல்லாருக்கும் தாடி. கிட்டே வாருங்களேன், ஏன் இப்படிச் சவத்தைத் தள்ளுகிறமாதிரித் தள்ளுகிறீர்கள்? என்ன சொல் சொல்லிவிட்டேன். சவத்தைத்தான் தள்ளுகிறார்கள். படகு மணலில் முட்டுகிறது. முனையில் நின்றவர் இறங்குகிறார். வலது காலை முதலில் வைத்து, வேட்டியை ஒரு கையால் தூக்கிப்பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளே ஒரு நொடி நின்று மணலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறார். கஸ்பார் மணலைத் தொடமாட்டார். கஸ்பாருக்கு அதெல்லாம் கிடையாது. நிமிர்கிறார்.

அவர்தான். அவர்தான். என் புருஷன்தான். முகம் வீங்கியிருக்கிறது, நெற்றியில் காயம், உயிரோடு இருக்கிறார், நடக்கிறார், இதோ நடக்கிறார். காலிலிருந்து என்னமோ புறப்பட்டு மேலே ஏறி வருகிறது, சிரிப்பு, நான் சிரிக்கப்போகிறேன், இந்தக் கூட்டத்தின் நடுவே பல் தெரியச் சிரிக்கப்போகிறேன், புறங்கையால் வாயை அமுக்கிக்கொள்கிறேன், மிளகாய் உதட்டில் எரிகிறது, எரியட்டும். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை. அப்புறம்தான் என் பக்கத்தில் ஒரு உடம்பு சரிவது தெரிகிறது. சிசிலி. அண்ணன் வந்துவிட்டார் என்றால் போனது தம்பி. நான் அவள் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் பிடிக்கிறேன். "என்னப் பிடிச்சுக்க, ஏட்டி, என்னப் பிடிச்சுக்க, நான் இருக்கேன்" என்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். இனிமேல் அவளை ஒரு சொல் சொல்லமாட்டேன், அவள் கோழி என் அடுப்பிலேயே முட்டையிடட்டும், பிள்ளையை நான் வளர்க்கிறேன், பிரசவம் நான் பார்க்கிறேன், இவரை எனக்குக் கொடுத்தாயே மாதாவே, எல்லாம் செய்கிறேன். இப்படித்தான் அம்மா தொம்மையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள், வளர்க்கவில்லையா? அவர் வருகிறார். கண் யாரையும் பார்க்கவில்லை. கூட்டம் பிளந்து வழி விடுகிறது. நான் சிசிலியை நேராக நிறுத்துகிறேன், முந்தானையை இழுத்துவிடுகிறேன், அவர் வந்து நிற்க அவள் நிற்கவேண்டுமே. வந்துவிட்டார். சிசிலி முன்னால் வந்துவிட்டார்.

தாண்டிவிட்டார். அவளைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைத்து என் முன்னால் நிற்கிறார். தலைசுற்றல் போலிருக்கிறது, அடிபட்ட நெற்றி, ஆள் மாற்றி நின்றுவிட்டார் பாவம். "இங்க இல்ல" என்கிறேன், மெல்ல, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "சிசிலி அங்க நிக்கா." கையால் காட்டவும் செய்கிறேன். அவர் நகரவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், படகில் துடுப்புப் போட்டவர்களில் ஒருவர் திரும்புகிறார், காதில் கடுக்கன். சிசிலியும் பார்த்துவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது அவளுக்கு, எனக்குத் தெரிந்த சத்தம், கொஞ்சம் முன்னால் நான் வாயைப் பொத்தி அமுக்கினது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்தத் தோணியில் வேறு யாரும் இல்லை. புருஷன் இதோ நிற்கிறார், கொழுந்தன் அதோ இருக்கிறார், வேறு எனக்கு யார்? அவர் தலையில் துண்டு இல்லை. செத்தவனுக்குக் கிட்டின ஆள். அவருக்குக் கிட்டினவர் யார்? "ஏங்க" என்கிறேன், "நீங்க ஏன் எம்முன்னால நிக்கிய? போங்க. அந்தப் பக்கம் போங்க." நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறேன், மஞ்சள் அவர் மார்பில் பதிகிறது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார். உதடு உப்பு பூத்து வெடித்திருக்கிறது.

"நீ சொன்னத அப்படியே சொன்னேன் பிரகாசி" என்கிறார். "வந்தா கதவத் திறக்கமாட்டாளாம்னு சொன்னேன். சிரிச்சான். அக்கா சும்மா சொல்லுதா மச்சான், மூட்டையப் பாத்ததும் திறந்துருவான்னான். உனக்குன்னு சேல எடுத்து வச்சிருந்தான். மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரல." யார் சேலை? யாருக்குச் சேலை? "காத்துல பாய் கட்டுற பருமல் முறிஞ்சு கஸ்பார் மேல விழப்போச்சு. கீழ கிடடான்னு சொல்லித்தான் வச்சிருந்தேன். வாந்தி எடுத்துட்டே கிடந்த பய, எப்ப மேல ஏறி வந்தான்னு தெரியல. கஸ்பாரத் தள்ளிவிட்டுட்டு அவன் மாட்டிக்கிட்டான்." சிசிலி முதலில் அலறுகிறாள். என் தம்பிக்கு அவள் முதலில் அழுகிறாள், மணலில் விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அழுகை வரவில்லை. யாரை வேண்டுமானாலும் என்று கேட்டேன். தோணியில் இருந்த எல்லாரையும் ஒவ்வொருத்தராகக் காட்டிக் கொடுத்தேன், இவனை ஒருத்தனை மட்டும் காட்டவில்லை, தரையில் இருக்கிறான் என்றிருந்தேன். அவனுக்கென்று ஒரு ஜெபம்கூட நான் சொல்லவில்லை. பாய்த்துணியோடு தூக்குகிறார்கள், கஸ்பார் தலைப்பக்கம் பிடித்திருக்கிறார். துணிக்கு வெளியே ஒரு கால் தெரிகிறது, தண்ணீரில் இறங்கப் பயந்த கால், பெருவிரல் நகம் சொத்தையான கால். அவர்கள் என் பக்கம் வந்து, எந்த வீட்டுக்கு என்று கேட்கிறதுபோல் நிற்கிறார்கள். நான் முன்னால் நடக்கிறேன். தெருவெல்லாம் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். வா தம்பி. நான் சாத்தவில்லை. குழம்புகூட அப்படியே இருக்கும், மூடினேனா என்று நினைவில்லை, கதவு திறந்துதான் கிடக்கிறது.